தேசிய வனமா, தேசியப் பூங்காவா? பிளாக்ஃபீட் மக்கள் இழந்த மலை

அமெரிக்காவில் தேசிய வனம் வேறு, தேசியப் பூங்கா வேறு. "இரண்டும் காடுதானே" என்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். தேசிய வனங்கள் 1905இல் உருவான வனச் சேவையின் கையில் இருக்கின்றன. அது வேளாண் துறையைச் சேர்ந்தது. மரம் வெட்டுதல், மேய்ச்சல், சுரங்கம், வேட்டை எல்லாம் விதிகளுக்கு உட்பட்டு அங்கே நடக்கும். தேசியப் பூங்காக்களை 1916இல் தொடங்கப்பட்ட பூங்காச் சேவை நிர்வகிக்கிறது. இயற்கையைக் காப்பதும் மக்கள் வந்து பார்ப்பதும் அதன் நோக்கம். மரம் வெட்டுவதற்கும் வேட்டைக்கும் பெரும்பாலும் தடை.

இந்த வேறுபாடு மண்ணின் மக்களுக்கு என்ன செய்தது என்பதற்கு மொன்டானா மாநிலத்தின் பிளாக்ஃபீட் பழங்குடிகளின் வரலாறே சாட்சி. காட்டெருமைகள் அழிக்கப்பட்டதால் 1883-84 குளிர்காலத்தில் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். அந்த வறுமையில்தான் 1895இல் 15 லட்சம் டாலருக்குத் தங்கள் மலைப்பகுதியை அரசுக்குக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: அது பொது நிலமாக இருக்கும்வரை வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மரம் வெட்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

1897இல் அந்த மலை காப்புக்காடானது. உரிமை போகவில்லை. 1910இல் அதன் ஒரு பகுதி கிளேசியர் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா "பொது நிலம்" அல்ல என்று வாதிட்டு அதிகாரிகள் கதவை மூடினார்கள். 1935இல் நீதிமன்றமும் உரிமை முடிந்துவிட்டது என்றே தீர்ப்பளித்தது. அதே நேரத்தில் ரயில் நிறுவனமோ, அந்த மக்களையே பாரம்பரிய உடையில் நிறுத்திச் சுற்றுலாப் பயணிகளை வரவேற்க வைத்தது!

பூங்காவுக்குத் தெற்கே தேசிய வனமாகவே நீடித்த பேட்ஜர்-டூ மெடிசின் பகுதியில் அவர்களின் உரிமை இன்றும் இருக்கிறது. அதற்காக வனத்துறையை நல்லவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அங்கே எண்ணெய் நிறுவனங்களுக்குக் குத்தகை கொடுத்ததும் அரசுதான். அதை எதிர்த்து பிளாக்ஃபீட் மக்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் இதே ஆபத்து உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்க்க முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பூங்காக்களுக்குள்ளும் உரிமையை அங்கீகரிக்கிறது. ஆனால் பட்டியல் பழங்குடி அல்லாதவர்கள், காட்டையே நம்பி வாழும் தலித் குடும்பங்களும்தான், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். நிலத்தில் பட்டா மறுக்கப்பட்டவர்கள் காட்டில் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்?

ஆகவே தோழர்களே, ஒரு காட்டுக்குப் புதிய பெயர் சூட்டப்படும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: யாருடைய உரிமை இதனால் முடிகிறது?