குறியவிழ்ப்பாளர்: மாங்குளம் மலையிலிருந்து ஒரு விளையாட்டுப் பாத்திரம்

நண்பர்கள் சிலர் சேர்ந்து டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாடுகிறோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வகை உண்டு, கிளாஸ் என்பார்கள். எங்கள் கதை பாண்டிய நாடு மாதிரியான ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. மறைமொழியையும் பழைய எழுத்தையும் படிக்கிற ஒரு புதிய வகை வேண்டும் என்று பேச்சு வந்தது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

குறியவிழ்ப்பாளர் என்று பெயர் வைத்தாச்சு. இப்படிப்பட்ட ஆள் நிஜத்தில் எப்படி வேலை செய்வார் என்று தேடப் போனதில், விதிகளைவிட வரலாறு பெரிய கதையாக இருந்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பகடை போட்டா போதுமா?

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே வந்த கிரேஹாக் என்ற இணைப்பு நூலில் திருடன் பாத்திரம் சேர்ந்தது. அந்தத் திருடன் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான மொழிகளை 80 சதவீத வாய்ப்பில் படித்துவிடுவான். புதையல் வரைபடம் படிக்க வேண்டுமே, அதற்காக! 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், எந்த மொழியையும் ஒரு மணி நேரத்துக்குப் புரியவைக்கும் மந்திரம் இருக்கிறது. ஆனால் எழுத்துக்குள் மறைத்த ரகசியச் செய்தியை அது அவிழ்க்காது என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. அதாவது நம்ம ஆளுக்கு அங்கே இடம் காலியாக இருக்கிறது.

இந்த விதிகளில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. பகடை விழுந்தால் எல்லாம் புரியும், விழாவிட்டால் ஒன்றுமே புரியாது. நிஜத்தில் மூன்றாவது ஒரு நிலை உண்டு: எழுத்து எல்லாம் படிக்க வரும், ஆனா வாசிப்பு தப்பா இருக்கும். இதற்கு நல்ல உதாரணம் மதுரையைச் சுற்றியே இருக்கிறது.

மறைத்ததும் மறந்ததும்

முதலில் நம்ம மரபில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நன்னூல் சொல்லும் குழூஉக்குறி எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். ஒரு குழுவுக்குள் மட்டும் புழங்கும் சொல். சித்தர் நூல்களில் வரும் பரிபாஷை இதன் பெரிய வடிவம். காமசூத்திரத்தின் 64 கலைகளில் ம்லேச்சித விகல்பம் என்று ஒன்று, எழுத்துகளை மாற்றிப்போட்டு மறைவாக எழுதும் கலை. அதன் உரைகாரர் யசோதரர் அதில் இரண்டு முறைகளைப் பெயரோடு சொல்கிறார்: கௌடிலீயம், மூலதேவீயம்.

இவை எல்லாம் வேண்டுமென்றே மறைத்தவை. மறைத்த ஒருவர் எங்கேயோ இருக்கிறார்; அவரைப் பிடித்தால் விஷயம் வெளியே வரும். இன்னொரு ரகம் இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை, ஊரே படிக்கட்டும் என்றுதான் வெட்டிவைத்தார்கள், ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லை. இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

நான் இருக்கும் கோச்சடையைச் சுற்றி அந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை. முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், திருப்பரங்குன்றம், ஆனைமலை, அழகர்மலை என்று மதுரையை வளைத்து நிற்கும் குன்றுகளின் குகைகளில் தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், கொடுத்தவர் பெயரையும் அங்கேயே வெட்டினார்கள். இவற்றில் முதலில் கவனத்துக்கு வந்தவற்றில் ஒன்று மேலூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்தில் இருக்கிறது. ஆய்வு உலகம் அதை மாங்குளம் என்கிறது.

சாவி கையில் இருந்தும்

பிராமி எழுத்து முதலில் அவிழ்ந்தது கல்கத்தாவில். அவிழ்த்தவர் ஜேம்ஸ் பிரின்செப், அங்கே நாணயச்சாலையில் உலோகத் தரம் பார்க்கும் அதிகாரி. 1837இல் சாஞ்சியிலிருந்து வந்த சின்னச் சின்னக் கல்வெட்டுப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். வழிபாட்டு இடத்தில் ஆளாளுக்கு ஒரு துண்டுக் கல்வெட்டு, எல்லாம் ஒரே மாதிரி முடிகிறது என்றால் என்னவாக இருக்கும்? கொடை. 'தானம்' என்று வைத்துப் பார்த்தார், பொருந்தியது. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளும் விழுந்தன. மூன்றே வருஷத்தில், 40 வயதில், அவர் இறந்துபோனார்.

1882இல் ராபர்ட் சீவல் மாங்குளத்துக் கல்வெட்டைப் பதிவு செய்தபோது பிராமியின் சாவி கிடைத்து 45 வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் என்ன, படித்திருக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. எழுத்து அசோகர் கால எழுத்து மாதிரி இருக்கிறது, இடம் சமணர் குகை, ஆகவே மொழி பிராகிருதமாக இருக்கும் என்பது எல்லாருக்கும் இயல்பான எதிர்பார்ப்பு. அப்படி வைத்துப் படித்தால் ஒலி வருகிறது, பொருள் வரவில்லை. அரசுக் கல்வெட்டாய்வாளர் எச். கிருஷ்ண சாஸ்திரி 1919இல் புனேயில் நடந்த முதல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் இந்தக் குகைக் கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். அப்போதும் முழுசாகப் பிடிபடவில்லை.

1924இல் சென்னையில் மூன்றாவது மாநாடு. கே.வி. சுப்பிரமணிய ஐயர் பாண்டிய நாட்டின் மிகப் பழைய சின்னங்களைப் பற்றிப் பேசினார். அவர் புதிதாக ஒரு கல்லையும் கண்டுபிடிக்கவில்லை. அதே எழுத்துகளை எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். பிராகிருதம் என்றால் க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் மற்ற வர்க்க ஒலிகள் சகஜமாக வந்தாக வேண்டும். இங்கே அவை கிட்டத்தட்ட இல்லை. வந்தாலும் 'தம்மம்' மாதிரி வடசொல்லில்தான் எட்டிப் பார்க்கின்றன. அதற்குப் பதிலாக, வடக்கே பிராமிப் பட்டியலில் இல்லாத சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை ழ, ள, ற, ன. இது தமிழ் என்றார் ஐயர்.

இல்லாத எழுத்தைச் சாட்சியாக எடுத்ததுதான் இதில் பெரிய விஷயம். இருப்பதைப் படிக்கப் பல பேர் வருவார்கள். இருக்க வேண்டியது ஏன் இல்லை என்று கேட்டது அவர். சீவலிலிருந்து ஐயர் வரை 42 வருஷம். அத்தனை வருஷமும் கல் அங்கேயேதான் இருந்தது.

என்கோடிங் பிரச்சினை

மொழி தமிழ் என்று தெரிந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. இதை விளக்க என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 2000 வாக்கில் தமிழ் மின்னஞ்சல் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: டிஸ்கியில் எழுதியதை டாப் எழுத்துருவில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைதான் வேறு. குகைகளில் நடந்ததும் இதே கதைதான்.

அசோகர் பிராமியில் வெறும் மெய் வடிவம் போட்டால் அதற்குள் 'அ' தானாகச் சேர்ந்துவிடும்: க. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் நெடில்: கா. பழைய தமிழ்க் குகைகளில் இந்த ஒப்பந்தம் மாறுகிறது. வெறும் வடிவம் என்றால் 'க்'. கோடு போட்டால் 'க' அல்லது 'கா', எது என்பதை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'மகன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்க. கோடு போட்ட ம, கோடு போட்ட க, வெறும் ன. அசோகர் அட்டவணைப்படி படித்தால் 'மாகான'. குகையின் அட்டவணைப்படி படித்தால் 'மகன்'. கல்லில் ஒரு கீறல்கூட மாறவில்லை.

தமிழில் மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. பிறகு, கோடு நெடிலுக்கு மட்டும், வெறும் வடிவம் 'க்' அல்லது 'க' என்று இன்னொரு முறை வந்தது. கடைசியில் புள்ளி வந்து குழப்பத்தைத் தீர்த்தது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்வது அந்தத் தீர்வைத்தான். ஆந்திராவில் பட்டிப்ரோலுக்காரர்கள் இதே சிக்கலுக்குக் குறில், நெடில் இரண்டுக்கும் வேறு வேறு கோடு என்று தனி வழி கண்டார்கள்.

இந்த மூன்று முறைகளையும் பிரித்து ஒழுங்குபடுத்திய பெருமை ஐராவதம் மகாதேவனுடையது. ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்னாளில் தினமணி ஆசிரியர். 1960களில் இந்தக் கல்வெட்டுகளைத் தொகுக்க ஆரம்பித்தவர், 1990களில் மறுபடியும் மலையேறிக் கல்லிலிருந்து நேரடியாகப் படி எடுத்தார். பாறையின் இயற்கை வெடிப்பும் உளி வெட்டிய கோடும் தாளில் ஒன்றுபோலத் தெரியும், நேரில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அவருடைய பெரும் நூல் 2003இல் வந்தது.

மாங்குளம் அவர் வாசிப்பில் தெளிவாகப் பேசுகிறது. கணிநந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளாகிய கடலன் வழுதி பள்ளி வெட்டிக் கொடுத்தது. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடை. காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்றார். சங்கப் பாட்டில் வரும் பாண்டியப் பெயர் கல்லில் வந்துவிட்டது. கரூர்ப் பக்கம் புகளூரிலோ மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் ஒரே கல்லில் வருகின்றன, அவற்றை அவர் பதிற்றுப்பத்தின் சேரர்களோடு பொருத்திக் காட்டினார். கல்லுக்கும் ஏட்டுக்கும் சம்பந்தமில்லாமல் இருந்து இரண்டும் ஒரே ஆளைச் சொல்லும்போதுதான் வாசிப்பு ஊகம் என்ற நிலையைத் தாண்டுகிறது.

பாத்திரத்தின் விதிகள்

இவ்வளவையும் வைத்து நான் எழுதியிருப்பது இது.

1. படி: முதலில் மைப்படி எடுக்க வேண்டும். கல்லைச் சுத்தம் செய்து, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்ற வேண்டும். இதற்கு நேரமாகும், காவலுக்குக் கூட ஆள் வேண்டும். படி மோசமென்றால் பின்னால் போடும் எல்லாப் பகடைக்கும் கழிவு.

2. ஊகம்: பகடை போடுவதற்கு முன்பே 'இது இந்த மொழி' என்று எழுதிவைக்க வேண்டும். ஊகம் தப்பாக இருந்து பகடை நன்றாக விழுந்தால், கதை நடத்துபவர் தப்பான வாசிப்பை நம்பும்படி கொடுப்பார். பகடை எவ்வளவு நன்றாக விழுகிறதோ அவ்வளவு நம்பும்படி!

3. இல்லாததை எண்ணு: ஓர் அமர்வுக்கு ஒரு தடவை, 'இங்கே இருக்க வேண்டியது எது இல்லை?' என்று கேட்கலாம். உண்மையான பதில் கிடைக்கும். ஐயருக்காக வைத்த விதி.

4. கைவிடு: தன் ஊகத்தைத் தானே கிழித்துப் போடலாம். அதுவரை படித்ததெல்லாம் போய்விடும், அடுத்த பகடைக்குப் பெரிய கூடுதல் கிடைக்கும். இந்தப் பாத்திரத்தின் மிகப் பெரிய சக்தி இதுதான். மேசையில் யாரும் இதை லேசில் எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நிஜத்திலும் அப்படித்தான் 42 வருஷம் போனது.

5. வெளிச்சாட்சி: தொடர்பில்லாத இன்னொரு இடத்தில் அதே பெயரோ செய்தியோ கிடைக்கும்வரை எந்த வாசிப்பும் உறுதியாகாது.

6. நோட்டு: பாத்திரம் இறந்தால் அவருடைய குறிப்புப் புத்தகம் அடுத்தவருக்குப் போகும். பிரின்செப்பின் பட்டியல் இல்லாமல் ஐயர் இல்லை, ஐயர் இல்லாமல் மகாதேவன் இல்லை.

உச்சகட்ட எதிரியாக என்ன வைப்பது? அதற்கும் மகாதேவனிடமே போகலாம். சிந்துவெளிக் குறியீடுகளுக்குக் கணினித் துணையோடு அவர் செய்த சொல்லடைவை 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த எழுத்து இன்றுவரை அவிழவில்லை. அவிழ்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பக்கத்திலேயே கீழடியில் 2018இல் 56 தமிழ்-பிராமி ஓடுகளும், அவற்றைவிடப் பல மடங்கு கீறல் குறியீடுகளும் வந்தன. 'ஆதன்' படிக்க முடிகிறது, கீறலைப் படிக்க முடியவில்லை. அங்கே நமக்கு ஐந்தாம் விதிக்கு வழியே இல்லை.

கல்லுக்கும் ஆயுள்

ஏழாவது விதி ஒன்று கடைசியில் சேர்த்தேன். மாங்குளம் கல்வெட்டு இருக்கும் மீனாட்சிபுரமும் பக்கத்து அரிட்டாபட்டியும் சேர்ந்த பகுதியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அரிட்டாபட்டி மலையிலும் தமிழ்-பிராமி உண்டு. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வானது. மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் கடையடைத்து, நடைப்பயணம் வந்து போராடினார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

போராடியவர்களில் பெரும்பாலோருக்கு 'மாகான' என்றால் என்ன, 'மகன்' என்றால் என்ன என்று தெரிந்திருக்காது, தெரிய வேண்டியதுமில்லை. அவர்களுக்குக் கண்மாயும் வயலும் மலையும்தான் விஷயம். ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து மகாதேவன் வாசிப்பையே திருத்த வேண்டும் என்றால், போய்ப் பார்க்க அந்தக் கல் அங்கே இருந்தாக வேண்டும். மைப்படி மட்டும் போதாது என்பதை 1990களின் மலையேற்றமே காட்டிவிட்டது.

ஆகவே ஏழாவது விதி: கல்லுக்கும் ஆயுள் புள்ளி உண்டு. அது பூஜ்யத்துக்கு வந்தால் தப்பான வாசிப்பு நிரந்தரமாகிவிடும். அதைக் காப்பாற்றுவது குறியவிழ்ப்பாளர் ஒருவரால் ஆகாது, மேசையில் இருக்கும் எல்லாரும் பகடை போட வேண்டும்.