புரோப்பெடின் விவாதம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் கதையாக எழுதும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. நிலைபெற்ற கோட்பாடு புதிய உண்மையை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதனை அவ்வழக்கம் மறைத்துவிடுகிறது. குருதியின் நிரப்புப் புரதத் தொகுதி பற்றிய ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும்.

பிறபொருளெதிரி நுண்ணுயிரைப் பற்றிய பின்னரே நிரப்புப் புரதங்கள் செயற்படும் என்பது நெடுங்காலம் நிலவிய கொள்கை. 1954இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லூயிஸ் பிலிமரும் அவர்தம் குழுவினரும் இதற்கு மாறான முடிபினை வெளியிட்டனர். மதுவத்தின் கலச்சுவரிலிருந்து பெறப்படும் சைமோசன், பிறபொருளெதிரியின்றியே அத்தொகுதியைத் தூண்டும். அதற்குப் புரோப்பெடின் என்னும் புரதம் வேண்டும் என்றனர். மறுப்பு எழுந்தது. பிலிமர் 1957இல் காலமானார். சைமோசனுக்கு எதிரான சிற்றளவுப் பிறபொருளெதிரிகளே இவ்விளைவுக்குக் காரணமாகலாம் என 1958இல் ரொபேட் நெல்சன் வாதிட்டார். புரோப்பெடின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் புறக்கணிப்புக்குள்ளாயிற்று.

பிலிமரின் சகஆய்வாளர் லெப்போவும் பிறரும் 1968இல் தூய்மையாக்கிய புரோப்பெடினின் இயல்புகளை வெளியிட்டனர். 1971இல் கோட்சே, முல்லர்-எபர்ஹாட் ஆகியோரின் ஆய்வு மாற்றுவழியை உறுதிப்படுத்த உதவியது. இன்று அதன் இயக்கம் தெளிவு. சீ-3 புரதம் இடையறாது சிற்றளவில் நீருடன் தாக்கமுறுகிறது. அதனுடன் பீ காரணி இணைய, டீ காரணி அதனை வெட்டுகிறது. இவ்வாறு தோன்றும் நொதியம் மேலும் சீ-3 மூலக்கூறுகளைப் பிளக்க, அவற்றின் துண்டுகள் அண்மையிலுள்ள மேற்பரப்புகளில் ஒட்டுகின்றன. உடலின் சொந்தக் கலங்களில் எச் காரணி முதலியன இதனைத் தடுத்துவிடுகின்றன. அத்தகைய தடையற்ற நுண்ணுயிரின் மேற்பரப்பிலோ ஒவ்வொரு துண்டும் புதிய நொதியத்துக்கு வித்தாகின்றது. ஓயாத சிறு இயக்கம், தகுந்த சூழலில், பண்பு மாற்றமாக வெடிக்கின்றது.

புரோப்பெடின் அந்நொதியத்தை நிலைப்படுத்துகிறது என்பது 1975இல் காட்டப்பட்டது. ஆகவே பிலிமர் கண்ட வழி உண்மை. அதில் புரோப்பெடினுக்கு அவர் அளித்த முதன்மை திருத்தத்துக்குரியது. மறுத்தோரின் ஐயமும் பயனற்றதன்று. கடுமையான சான்றுகளைத் தேடும் தேவையை அது உருவாக்கியது. தவறு, ஐயத்தையே தீர்ப்பாகக் கொண்டமையிலேதான்.

'மாற்றுவழி' என்னும் பெயர் கண்டுபிடிப்பின் வரிசையைக் குறிக்கிறதேயன்றி இயற்கையின் வரிசையையன்று. பிறபொருளெதிரியே இல்லாத கடல் முள்ளெலியிலும் சீ-3, பீ காரணி ஆகியவற்றை ஒத்த புரதங்கள் உள. முன்னர் அறியப்பட்டதை மூலமெனவும் பின்னர் அறியப்பட்டதைக் கிளையெனவும் கொள்ளும் மயக்கம் இலக்கிய வரலாற்று மாணவருக்குப் புதியதன்று.