தைத்து வைத்த வாரங்கள்

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது. 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். தொடர் 122 அத்தியாயங்களோடு நின்றது. அவருடைய மகன் கல்யாணசுந்தரையர் அதைப் புத்தகமாக வெளியிட்டது 1950-ல். நடுவே எட்டு வருஷம் எந்தக் கடையிலும் அந்தப் புத்தகம் கிடையாது. ஆனால் சில வீடுகளில் இருந்தது. வாரம் தவறாமல் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியவர்களின் வீடுகளில்.

நான் காரைக்குடிக்காரன். அப்பா பைண்டிங் தொழில் செய்தார். அவருக்குப் பிறகு அதே கடையில் நான் உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் தமிழர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்டால், பரிசு வாங்கிய நூல்களின் பட்டியலை என்னால் காட்ட முடியாது. காசு கொடுத்து எதைத் தைத்து வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியும். படித்ததை எடைக்குப் போடாமல், பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஒருவர் செலவு செய்கிறார் என்றால், அவருக்கு அந்தக் கதைமேல் உள்ள பற்றுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பது என் எண்ணம்.

எஸ்.எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அங்கே ஆசிரியராக இருந்தபோது தொடர்கதை என்பது குடும்பத்தில் ஒரு நபர் மாதிரி ஆயிற்று. 1938, 39-ல் ‘தியாக பூமி’ வந்தபோது, கே. சுப்பிரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களே கதைக்குச் சித்திரங்களாக அச்சாகின. எஸ்.டி. சுப்புலட்சுமியையும் பாபநாசம் சிவனையும் திரையில் பார்ப்பதற்கு முன்பே விகடனில் பார்த்துவிட்டார்கள். சினிமா நட்சத்திரத்தின் முகமும் நாவலும் ஒரே தாளில் வந்தால் அந்தத் தாளை யார் தூக்கிப் போடுவார்கள்? 1941-ல் ‘கல்கி’ பத்திரிகை, 1947-ல் ‘குமுதம்’. மூன்றும் சேர்ந்துகொண்ட பிறகு எங்கள் மாதிரிக் கடைகளுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது.

பத்திரிகைத் தொடரைப் பைண்டு செய்வது, புத்தகம் பைண்டு செய்வதைவிடக் கஷ்டம். அச்சகத்திலிருந்து வரும் புத்தகம் ஃபாரம் ஃபாரமாக மடித்து வரும். மடிப்பின் நடுவில் ஊசி விட்டுத் தைக்கலாம். வாரப் பத்திரிகையோ நடுவில் பின் அடித்தது. தொடருக்கான நாலு பக்கத்தைக் கிழித்து எடுத்தால் கையில் வருவது ஒற்றைத் தாள்கள். மடிப்பு இல்லாததால், அடுக்கி, பலகையில் இறுக்கி, குத்தூசியால் ஓரத்தில் துளை போட்டு, பக்கத் தையல்தான் போட முடியும். உள் ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். எழுத்து உள்ளே மறையாமல் இருக்க, கிழிக்கும்போதே மடிப்பை ஒட்டிக் கிழிக்க வேண்டும். இதை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். கத்தரிக்கோலால் அழகாக வெட்டி எடுத்து வந்தவர்களின் பைண்டில் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தையோ கடைசி எழுத்தையோ காண முடியாது.

பிறகு மைதா பசை. கொதிக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். இல்லாவிட்டால் பூச்சிக்கு அந்தப் பசைதான் முதல் சாப்பாடு. கனமான அட்டை, முதுகுக்குக் காலிகோ துணி, மேலே மார்பிள் பேப்பர். வசதியானவர்கள் முதுகில் தங்க எழுத்துப் போடச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, மையில் பெயர் எழுதிக் கொடுப்பார் அப்பா. யுத்த காலத்துப் பைண்டுகளைப் பார்த்த உடனே தெரியும். காகிதத் தட்டுப்பாட்டில் இதழ் மெலிந்து, தாள் பழுப்பாகி, விரல் பட்டாலே ஓரம் உதிரும்.

இதில் ஒரு தீராத வழக்கு உண்டு. ஒரு தாளின் முன்பக்கம் ஒரு தொடர் முடியும். அதே தாளின் பின்பக்கம் இன்னொரு தொடர் ஆரம்பமாகும். வீட்டில் மாமியாருக்கு ஒன்று வேண்டும், மருமகளுக்கு மற்றது வேண்டும். தாள் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து ஒரே பைண்டாகப் போட்டுக் கொடுத்த நாளும் உண்டு; அந்த வாரத்தை மட்டும் இன்னொரு பிரதி வாங்கி ஒட்டிய நாளும் உண்டு. விட்டுப்போன வாரங்களைத் தேடித் தருவதும் எங்கள் வேலைதான்.

“தம்பி, பதினேழாம் வாரத்தைக் காணலை. மதுரை போறப்ப பழைய கடையில பாத்து வாங்கியாங்க. அது இல்லாம தைக்க வேணாம்,” என்று ஓர் ஆச்சி சொன்னார்.

“தேடுறேன் ஆச்சி. கெடைக்கலேன்னா வெள்ளைத்தாள் வச்சுத் தச்சுரட்டுமா?”

“வேணாம். நான் காத்துக்கிட்டிருக்கேன்.”

அந்தக் கட்டு சாக்குச் சணலில் கட்டியபடியே எங்கள் பரணில் நெடுங்காலம் இருந்தது. அந்த வாரம் கிடைத்த பிறகுதான் தைத்தோம். செட்டிநாட்டு வீடுகளில் ஆண்கள் பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் ஆச்சிமாருக்கு வாரப் பத்திரிகைதான் துணை. தைத்த பைண்டுகள் அங்கேயும் கப்பலில் போயிருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை வளவில் உட்கார்ந்து படிக்க, நாலைந்து பேர் சுற்றி இருந்து கேட்பார்கள்.

எங்கள் கடைக்கு மிக அதிகமாக வந்தது எது என்று கேட்டால், ‘பொன்னியின் செல்வன்’. கல்கியில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடியது. ஐந்து பாகம், மணியம் வரைந்த படங்கள். இன்று அந்த நாவல் நாட்டுடைமையாகி, யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள்; மலிவுப் பதிப்புகளில் படமே இருப்பதில்லை. மணியம் வரைந்த குந்தவையைப் பார்க்காமல் கதையை மட்டும் படிப்பவர்களுக்குப் பாதிதான் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றும். கல்கி பத்திரிகையே பிற்காலத்தில் அதைத் திரும்பத் திரும்பத் தொடராகப் போட்டது. ஒரு சுற்றில் வினு வரைந்தார், வேறொரு சுற்றில் பத்மவாசன். எந்தப் படம் இருக்கிறது என்று பார்த்தே பைண்டு எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். அடுத்து, விகடனில் கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’. 1968-ல் ஏ.பி. நாகராஜன் படம் எடுத்தார். சிவாஜியும் பத்மினியும் வருவதற்கு முன்பே, கோபுலுவின் கோடுகளில் சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் ஜனங்களுக்கு முகமாகிவிட்டார்கள். குமுதத்திலிருந்து சாண்டில்யன், படங்கள் லதா.

பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் கதைக்கும் இதே மரியாதை இருந்தது. எம்.ஜி.ஆர். 1970-லிருந்து 1972 வரை விகடனில் ‘நான் ஏன் பிறந்தேன்’ எழுதினார். நாடகக் கம்பெனியில் பட்ட பசி, தாயார் சத்யபாமா, படத்தில் வாய்ப்புத் தேடி அலைந்தது எல்லாம் அதில் வந்தது. அவர் தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்ட 1972-லேயே தொடரும் நின்றது. அது முழுப் புத்தகமாகக் கடைக்கு வந்தது அவர் மறைந்து பல வருஷம் கழித்து. அதுவரை அதைப் படிக்க விரும்பியவருக்கு ஒரே வழி, யாரோ ஒருவர் தைத்து வைத்த கட்டு. எங்களிடம் அதைக் கொண்டு வந்தவர்களில் கை வண்டி இழுக்கிறவர்களும் உண்டு. கட்சிக் கொடியின் சிவப்பு, கறுப்பு இரண்டு நிறத்திலும் காலிகோ வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு அதே ஆட்கள் நடுவில் வெள்ளையும் சேர்க்கச் சொன்னார்கள். தலைவன் எழுதியதைக் கையில் வைத்திருப்பது அவர்களுக்குச் சொத்து. தமிழில் தன்வரலாறு படிக்கும் பழக்கம் வளர்ந்ததற்கு இவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பைண்டில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ தினமணி கதிரில் வந்தபோது அதன் பெயர் ‘காலங்கள் மாறும்’. அந்தத் தலைப்போடு தைத்த கட்டை நான் கையால் தொட்டிருக்கிறேன். சுஜாதா குமுதத்தில் ‘கறுப்பு, சிவப்பு, வெளுப்பு’ என்று ஒரு தொடரை ஆரம்பித்து, எதிர்ப்பு வந்ததால் நிறுத்தினார். அந்த நாவல் பின்னால் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு பெயரில் வந்தது. நின்றுபோன அந்த முதல் அத்தியாயங்களை எடுத்து வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முடியாத கதையை யார் தைப்பார்கள்? அப்படியும் தைத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரியவர்கள் செய்ததைப் பையன்களும் செய்தார்கள். சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’, ஆசிரியர் முல்லை தங்கராசன். கை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வகப் பணியாளன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் 1962-ல் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த கதை அது; படம் வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். அமெரிக்காவின் சூப்பர்மேனையும் பேட்மேனையும் சரியாகத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்த பிரிட்டிஷ் கதாநாயகர்கள் அத்துபடி. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. நடத்தியவர் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன். அப்போது அவரே பையன்தான். அதில் வந்த ‘ஸ்பைடர்’ என்ற பிரிட்டிஷ் நாயகனின் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அதாவது சூப்பர்மேனின் தகப்பன் எழுதிய கதையைச் சிவகாசி அச்சில், தமிழில், பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கவிட்டு விற்றார்கள். அதே 1984-ல் தினத்தந்திக் குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. அந்தக் குழுமத்துக்குப் படக்கதை புதிதல்ல. 1960-லிருந்து தினத்தந்தியில் கன்னித்தீவு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு காமிக்ஸைச் சேர்த்து ஒரு பைண்டாகப் போடுவோம். பையன்கள் வைக்கும் நிபந்தனை எல்லோரையும்விடக் கடுமையானது. அட்டைப் படத்தைக் கிழிக்கக் கூடாது. கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டக் கூடாது. வெட்டினால் கட்டத்தின் கோடு போய்விடும். அடுத்த வெளியீட்டுக்கான விளம்பரப் பக்கத்தை எடுக்கக் கூடாது. அன்று பிடிவாதம் என்று நினைத்தோம். இன்று பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அட்டை இருக்கிறதா, ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்றுதான்.

இந்தக் கட்டுகளெல்லாம் வாடகை நூல் நிலையங்களுக்கும் போயின. ஒரு சின்ன அறை, மர அலமாரிகள், முன்பணம், நாள் வாடகை. அங்கே நாவலாசிரியர் அகிலனும் துப்பறியும் சங்கர்லாலும் இரும்புக்கை மாயாவியும் ஒரே தட்டில் இருப்பார்கள். அரசு நூலகத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும், ஏனென்றால் பைண்டு செய்த தொடருக்குப் பதிப்பாளர் பெயர் கிடையாது. பட்டியலில் ஏற்ற முடியாது. இந்த ஒரு காரணத்தாலேயே எங்கள் கையால் தைத்த ஆயிரக்கணக்கான நூல்கள் எந்த நூலக வரலாற்றிலும் இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

வேலை குறைந்தது மெதுவாகத்தான். 1969-ல் ‘ராணி முத்து’ ஒரு ரூபாய்க்கு ஒரு முழு நாவலைக் கொடுத்தது. முதல் நாவல் அகிலனின் ‘பொன்மலர்’. பிறகு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று மாத நாவல்களின் காலம். ஒரே இதழில் கதை முடிந்துவிட்டால் சேர்க்க என்ன இருக்கிறது? 1990-களில் ‘தொடரும்’ என்ற சொல் தொலைக்காட்சிக்குக் குடிபோயிற்று.

எங்கள் பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை எல்லாவற்றையும் வாங்கி, வகை பிரித்து, பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு தனி மனிதர் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், ஒவ்வொரு வீட்டிலும் இருந்த ஒரு பெட்டிக் கட்டை நாம் காப்பாற்றாமல் விட்டதற்குச் சமாதானம் சொல்ல முடியவில்லை. பாகம் பிரிக்கும்போது வீட்டின் தேக்குத் தூணுக்கு விலை பேசுகிறார்கள், பைண்டுகளைக் கிலோ கணக்கில் போடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருந்தால், மறுபடி தைக்கக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பழைய தாள் இன்னொரு துளையைத் தாங்காது. ஓரத்தை இன்னொரு முறை வெட்டினால் எழுத்தே போய்விடும். துருப்பிடித்த பின் இருந்தால் அதை மட்டும் மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருஷத்தில் தாளை மஞ்சளாக்கி எழுத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், பருத்தித் துணி போதும். படம் எடுத்து வைப்பதானால் கதைப் பக்கத்தோடு நிறுத்தாமல், பின்பக்கத்தில் பாதியில் நிற்கும் சிரிப்புத் துணுக்கு, சோப்பு விளம்பரம், சினிமா அறிவிப்பு எல்லாவற்றையும் எடுங்கள். முதல் தாளில் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள், அதையும் சேர்த்து.