மகிழுந்து ஒலிபெருக்கி வளர்ந்த வரலாறு

பொறியியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதியன கண்டறிந்த அறிஞர்களைப் பற்றியே எழுதுகின்றனர். கண்டறியப்பட்ட பொருளை வாங்கிப் பயன்படுத்தி, அதில் குறை கண்டு, தம் முயற்சியாலேயே அதனைத் திருத்திக்கொண்ட பொதுமக்களின் பங்கு அவ்வரலாறுகளில் மிகுதியாக இடம்பெறுவதில்லை. தொழிற்சாலையார் மகிழுந்தில் பொருத்தி அனுப்பும் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அதனினும் சிறந்த ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் அத்தகைய பங்கிற்குத் தக்க சான்றாகும்.

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அவருடைய நண்பர் எட்வின் பிரிதமும் கலிபோர்னியாவின் நாப்பா நகரில் ஆய்ந்து, 1915ஆம் ஆண்டில் பெருங்கூட்டத்திற்கும் கேட்கும் ஒலிபெருக்கியைச் செய்து காட்டினர். 1925ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவரும் அதனைச் செம்மைப்படுத்தினர். காந்தத்தின் இடைவெளியில் அமைந்த கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அசைத்து ஒலியாக்குகிறது. இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன.

இக்கருவி மகிழுந்தில் பரவலாக ஏறத் தொடங்கியது 1930ஆம் ஆண்டையொட்டி. சிகாகோவின் பால் கால்வின் தம் வண்டியில் வானொலியைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டி நகருக்குச் சென்றார். அங்கு நடைபெற்ற வானொலி உற்பத்தியாளர் மாநாட்டின் வாயிலில் வண்டியை நிறுத்தி, வணிகர்கள் கேட்குமாறு உரக்க ஒலிக்கச் செய்தார். அவர் விற்ற 'மோட்டரோலா' கருவியின் விலை ஏறத்தாழ 110 முதல் 130 டாலர் வரை இருந்தது. 1932ஆம் ஆண்டில் ஜெர்மனியின் புளோபுங்க்ட் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வாகன வானொலியை வெளியிட்டது. கால்வினின் கருவி வண்டியோடு வந்ததன்று. வண்டியை வாங்கியவர் பின்னர் வாங்கிப் பொருத்திக்கொண்டது. அதாவது, மகிழுந்து இசையின் வரலாறே வெளியிலிருந்து பொருத்துவதில்தான் தொடங்குகிறது எனலாம்.

பின்னர் உற்பத்தியாளர்களே வானொலியை வண்டியோடு சேர்த்து விற்கத் தலைப்பட்டனர். அப்போது ஒலிபெருக்கி புறக்கணிப்புக்கு ஆளாயிற்று. வாங்குவோர் கண்ணுக்குத் தெரிவது குமிழும் அலைவரிசைத் தகடுமே. ஒலிபெருக்கியோ வலைத்துணிக்குப் பின்னே மறைந்திருப்பது. ஆகவே செலவைக் குறைக்க அதுவே வாய்ப்பான இடமாயிற்று. சிறு காந்தமும் மெல்லிய காகிதக் கூம்பும் கொண்ட ஒரே ஒலிபெருக்கி முன்பலகையின் நடுவில், கண்ணாடியை நோக்கி வைக்கப்பட்டது. செய்தி கேட்க அது போதும். இசை கேட்கப் போதாது.

இயற்பியலும் ஒரு தடை விதித்தது. வண்டியின் மின்கலம் தருவது 12 வோல்ட் மட்டுமே. அந்த அழுத்தத்தைக்கொண்டு இயங்கும் எளிய மின்பெருக்கி, 4 ஓம் தடையுடைய ஒலிபெருக்கிக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 வாட் ஆற்றலையே தர இயலும். வீட்டில் 8 ஓம் ஒலிபெருக்கி பரவலாக வழங்க, வண்டியில் 4 ஓம் நிலைபெற்றதற்கும் இதுவே காரணம். இவ்வளவு குறைந்த ஆற்றலை வீணாக்காமல் ஒலியாக்கும் திறனே இங்கு முதன்மையானது. ஒரே ஆற்றலைப் பெற்று 3 டெசிபெல் மிகுதியாக ஒலிக்கும் ஒலிபெருக்கி, மின்பெருக்கியின் ஆற்றலை இரு மடங்காக்கியதற்கு ஒப்பான பயனைத் தருகிறது.

இதற்கிடையே இசையின் ஊற்று வளர்ந்தது. 1955ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் முற்றிலும் டிரான்சிஸ்டரால் இயங்கும் வானொலியை அறிவித்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் அது வண்டிக்குள்ளும் இடம்பெற்றது. நாடாவில் பதிந்த நுட்பங்களை மெலிந்த ஒலிபெருக்கி விழுங்கிவிட்டதைக் கேட்போர் உணர்ந்தனர். 1970களில் ஒலிபெருக்கி மாற்றம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பின்கண்ணாடியின் கீழுள்ள தட்டில், 6 அங்குலமும் 9 அங்குலமும் கொண்ட நீள்வட்ட ஒலிபெருக்கிகள் இடம்பெற்றன. பெருங்கூம்பின் நடுவே உயர்ந்த சுருதிகளுக்கெனச் சிறு கூம்புகளும் அமைக்கப்பட்டன. பீட்டர் ஜென்சனின் பெயரைத் தாங்கிய நிறுவனமும் ஜப்பானின் பயனீர் நிறுவனமும் இத்துறையில் புகழ்பெற்றன.

எனினும் விலையுயர்ந்த ஒலிபெருக்கியைப் பொருத்தியோர் அனைவரும் நல்லிசை கேட்டாரல்லர். கூம்பு முன்னே தள்ளும் அலையும் பின்னே இழுக்கும் அலையும் ஒன்றோடொன்று கலந்தால், தாழ்ந்த சுருதிகள் தம்முள் அழிந்துவிடும். துளைகள் நிறைந்த கதவுத் தகட்டில் நிகழ்வது இதுவே. ஒலிபெருக்கியையும் அது அமர்ந்திருக்கும் கூட்டையும் ஒன்றாகவே கணிக்க வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் கணித வாயிலாக நிறுவினர். துளைகளை அடைத்துத் தகட்டின் அதிர்வைத் தணிப்பது, புதிய ஒலிபெருக்கிக்குச் செலவிடுவதைப் போன்றே இன்றியமையாததாயிற்று. மூலப்பொருளும் மாறியது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் ஆய்வாளர் டட்லி ஹார்வுட் 1970களில் பாலிபுரொப்பிலீன் கூம்பை உருவாக்கினார். ஈரத்தில் ஊறாத அப்பொருள், மழைநீர் கசியும் வண்டிக் கதவுக்கு ஏற்றதாயிற்று.

மக்களின் இந்நாட்டத்தை உற்பத்தியாளர்களும் உணர்ந்தனர். இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவில் குடியேறிய வங்காளியாகிய நோனி கோபால் போஸின் மைந்தர் அமர் போஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராகிய அவர் நிறுவிய நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, 1983ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் புதிய முறையைப் புகுத்தியது. வண்டியின் உட்புறம் முதலில் அளக்கப்பட்டது. இருக்கையும் கண்ணாடியும் ஒலியை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராயப்பட்டது. அதற்கேற்ப ஒலிபெருக்கிகளும் கூடுகளும் மின்பெருக்கிகளும் வகுக்கப்பட்டன. பொதுமக்கள் கடைத்தெருவில் தேடியதைத் தொழிற்சாலையே தரத் தொடங்கியது. மலேசியாவின் பினாங்குத் தீவிலும் வாகன ஒலிக்கருவிகள் செய்யப்பெற்று உலகச் சந்தைக்குச் சென்றன.

இவ்வளர்ச்சி ஓர் இழப்பையும் உடன்கொணர்ந்தது. இவ்வகை அமைப்புகளில் ஒலிபெருக்கியின் குறைகளை மின்பெருக்கியே ஈடுசெய்கிறது. மின்தடையும் வழக்கமான 4 ஓமாக இருப்பதில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் முழுமையும் கெடக்கூடும். குறை கண்டவர் தம் கையால் திருத்திக்கொள்ளும் உரிமை இதனால் குறுகியது.

கேட்போர் குறையைப் பொறுத்துக்கொண்டிருந்தால் முன்பலகையின் ஒற்றை ஒலிபெருக்கி நெடுங்காலம் நிலைத்திருக்கும். நல்லதைக் கேட்கத் தெரிந்த செவிகளே நல்ல கருவிகளைத் தோற்றுவித்தன. ஆக்குவோரின் அறிவோடு பயன்படுத்துவோரின் தேர்ச்சியும் சேரும்போதே ஒரு தொழில் உயர்கிறது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.