பழங்கயிறும் பாயும்

பாய்க்கப்பற் காலத்து ஐரோப்பாவின் கடலாதிக்கத்தை ஆராய்வோர் பீரங்கிகளையும் வணிகக் கணக்குகளையும் விரிவாக நோக்குவர். கப்பலின் பழங்கயிறு அவர்தம் கவனத்துக்கு அதிகம் உட்பட்டதில்லை. 'ஜங்க்' என்னும் ஆங்கிலச் சொல் மாலுமிகளிடையே முதலிற் பழங்கயிற்றையே குறித்தது. கழிபொருள் என்ற பொதுப்பொருள் பின்னர் ஏற்பட்டதாகும்.

கஞ்சாச் செடியின் நாரினால் திரித்துத் தார் பூசப்பட்ட கயிறுகளே அக்காலக் கப்பல்களில் பெரிதும் பயன்பட்டன. பிரித்தானியா இந்நாரைப் பெருமளவில் ருஷ்யாவிலிருந்து பெற்றது. தொலைவிலிருந்து விலைகொடுத்துப் பெற்ற பொருளாதலின், தேய்ந்த கயிறும் வீசப்படவில்லை. அது புரி புரியாகப் பிரிக்கப்பட்டது. நல்ல இழைகள் முடிந்து உருண்டையாகச் சுற்றப்பட்டன. பின்னர் சிறு பொறியொன்றினால் மீண்டும் முறுக்கேற்றப்பட்டன. 1834இற் சாதாரண மாலுமியாகக் கடலேறிய ரிச்சர்ட் ஹென்றி டானா, 1840இல் வெளியான தமது நூலில் இவ்வேலையை விவரித்துள்ளார். மாலுமி ஒருபொழுதும் சும்மாயிருத்தலாகாது என்பதே கப்பல் அதிகாரிகளின் கொள்கை என்பது அவர் கூற்றாற் புலனாகும். கப்பற்கயிறுகள் ஒன்றோடொன்று உராயும் இடங்களிற் கட்டப்பட்ட தடித்த பாய்கள் இவ்விழைகளாலேயே நெய்யப்பட்டன. பிற்காலத்தில் இல்லங்களில் அழகுக்கென விரிக்கப்பட்ட கயிற்றுப் பாய்களின் பின்னல்களுட் பல இத்தொழிலிலிருந்து வந்தவையே.

பாய் எனும் சொல் தமிழில் விரிப்பையும் கப்பற்பாயையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றாகிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1770 யூன் 11ஆம் நாளிரவு, கப்டன் குக்கின் 'என்டெவர்' கப்பல் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரப் பவளப் பாறையில் மோதியது. பீரங்கிகள் உட்படப் பாரமானவை பல கடலில் எறியப்பட்டன. ஏறத்தாழ ஒருநாட் பொழுதின் பின்னரே கப்பல் மிதந்தது. நீரோ தொடர்ந்து உட்புகுந்தது. மங்க்ஹவுஸ் என்னும் இளநிலை அதிகாரி முன்னொருமுறை கண்டிருந்த உபாயம் அப்போது கைகொடுத்தது. கயிற்று நாரும் ஆட்டுரோமமும் கலந்து பழைய பாயொன்றில் தைக்கப்பட்டு, அதன்மேற் சாணமும் அப்பப்பட்டது. அப்பாய் கப்பலின் அடியில் இழுக்கப்பட்டது. நீரின் வேகமே நாரைத் துளையினுட் செலுத்தி அடைத்தது. நீரிறைக்க ஒரு பொறியே போதுமாயிற்று.

நல்ல இழை தராத கயிற்றின் கதை வேறு. அது நாராகப் பிய்க்கப்பட்டு, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலைக்குச் சென்றது. தார் ஏறி இறுகிய கயிற்றை விரல்களாற் பிய்க்கும் இவ்வேலை இங்கிலாந்தில் வறியோர் தொழிலகங்களிலும் சிறைகளிலும் இருந்தோர்மீது சுமத்தப்பட்டது. 1895இல் தண்டிக்கப்பட்ட எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டும் இதற்குத் தப்பவில்லை. அரசின் கடலாதிக்கம் சிறைக்கூடத்து நகக்கண்களையும் தீண்டியிருந்தது எனல் மிகையன்று. இரும்புக் கப்பல்கள் பெருகவே இந்நாரின் தேவை குன்றியது.

2009இல் அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோரத்தில் பழங்கயிறு மீண்டும் பாயாயிற்று. சிங்க இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலடியில் இணைத்த மிதக்கும் கயிறுகளில் அருகிவரும் திமிங்கிலங்கள் சிக்குண்டமையால், அவ்வாண்டு முதல் அவற்றின் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மேய்ன் மாநிலத்து மீனவரிடமிருந்து திரட்டப்பட்ட கயிறு, வாயிற்படிக் கால்மிதிகளாகப் பின்னப்பட்டது. செயற்கை இழையாலான அக்கயிற்றில் தாரும் இல்லை, பிய்க்கும் வேலையும் இல்லை. கயிறு கயிறாகவே பின்னப்பட்டது.