தளவாய் அரியநாத முதலியார்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் ஆயிரக்கால் மண்டப வாயிலில், குதிரைமீது அமர்ந்த வீரர் ஒருவரின் சிலை உண்டு. உள்ளே நிற்கும் 985 தூண்களை வியந்து நோக்குவோர் பலர். அம்மண்டபத்தை 1569இல் எழுப்பிய அவ்வீரரைப் பற்றி வினவுவோர் சிலரே. அவர்தாம் தளவாய் அரியநாத முதலியார். மாணவ நேயர்களே, அவர் வரலாற்றை நான் எடுத்துரைக்க முற்படுவது அவர் வென்ற போர்களுக்காக அன்று. அவர் வகுத்த ஆட்சிமுறைக்காகவே.

தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த அரியநாதர், விசயநகரப் பேரரசின் பணியில் உயர்ந்து, விசுவநாத நாயக்கருடன் மதுரைக்கு வந்தார். படைத்தலைமையாகிய தளவாய்ப் பதவியும், முதலமைச்சுப் பொறுப்பாகிய பிரதானிப் பதவியும் அவரிடம் ஒருங்கே அமைந்தன. ஏறத்தாழ 1600 வரை நாயக்க மன்னர் நால்வரின் கீழ் அவர் பணியாற்றினார் என்பர்.

அந்நாளில் மதுரைச் சமவெளியிலும் அதன் தெற்கிலும், தத்தம் படையுடன் தலைவர் பலர் தனித்து இயங்கினர். அவர்களை அழிப்பதா, அணைப்பதா? அணைக்கும் வழியையே அரியநாதர் தேர்ந்தார். நாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டது. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி திரட்டினார், ஊர்க்காவலும் புரிந்தார். வருவாயில் ஒரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு தமக்கு என்பது ஏற்பாடு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் பாளையத்திற்கு ஒன்றாக அவர்தம் காவலில் விடப்பட்டன என்பது மரபு. இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். எங்கோ வாழும் தலைவனுக்குத் தலைநகரின் மதிலிலேயே ஒரு பொறுப்பு! மதுரை வீழ்ந்தால் அவன் மானமும் உடன் வீழுமன்றோ?

ஆயினும், தலைமை வலிமையுற்றிருந்த வரையில்தான் இப்பிணைப்பு நிலைத்தது. 1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. பாளையங்கள் இருந்தன, அவற்றைக் கட்டிய கயிறு இல்லை. ஆங்கிலக் கம்பெனி வரி கேட்டபோது சிலர் எதிர்த்தனர்; சிலர் அதன் பக்கம் சேர்ந்தனர். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோது, எட்டயபுரம் கம்பெனிக்குத் துணைநின்றது. கோட்டை மதில்களும் 1840-களில் இடிக்கப்பட்டன. மதுரையின் வெளி வீதிகள் இன்று அவற்றின் தடத்தைக் காட்டுகின்றன.

அரியநாதர் வகுத்த முறையில் பிழை இருந்ததா? அதிகாரத்தைப் பகிர்ந்தது பிழையன்று என்பதே என் கருத்து. பகிர்ந்தவரை ஒன்றுசேர்க்கும் நடுவண் வலிமையைப் பின்வந்தோர் காக்கத் தவறினர். மதிலினும் வலியது, அதனைக் காப்போரின் ஒற்றுமையே.