சுழலும் சலவை உருளை

மாணவர்களே, துணி துவைப்பதை எளிய வேலையென்று எண்ணுவோர், நனைந்த போர்வையொன்றைப் பிழிந்து பார்க்கட்டும்! 1782-ஆம் ஆண்டில் ஹென்றி சிட்ஜியர் என்பார் சுழலும் சலவை உருளைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதைக் கையால்தான் சுற்றவேண்டும். 1937-இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம், முன்புறம் கதவுடைய தானியங்கிச் சலவைப் பொறியை வீடுகளுக்கென வெளியிட்டது. உருளை கிடையாகச் சுழலும்போது துணி மேலேறி நீரில் விழுந்து வெளுக்கிறது. ஆகவே தொட்டி நிறைய நீர் வேண்டியதில்லை. இச்சிக்கனத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் பிழியும் வேகத்தில் பொறி அதிர்ந்தமையால், அதைத் தரையோடு திருகாணியிட்டுப் பிணைக்க வேண்டியிருந்தது. வாடகை வீட்டில் குடியிருப்போர் என் செய்வர்? பிற்காலத்தில் வில்சுருளும் பளுக்கட்டியும் பொறியினுள்ளே அமைந்த பின்னரே அத்தொல்லை நீங்கிற்று. இன்றைய பொறிக்கும் உறுதியான சமதளம் வேண்டும். நுரை குறைந்த சலவைத்தூளே ஏற்றது. உலர்த்தும் பொறியோ வேறு. கொடியில் துணி உறைந்துவிடும் குளிர்நாட்டாருக்கு அது இன்றியமையாதது. வெயில் காயும் முற்றமுடையோருக்கு அது வீண்செலவென்றே எனக்குத் தோன்றுகிறது.